நின்ற இடத்திலேயே ஓடிய வண்டி

1. முதல் நாள்

மெக்கானிக் ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வாசலில் நின்ற வண்டிகள் எல்லாம் தண்ணீரில் முங்கி எழுந்தவை. முந்தின வாரம் பெய்த மழையில் மந்தைவெளியில் பல தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஆற்றோரம் இருந்த எங்கள் வீடும் அந்த மழையில்தான் போனது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். குமார் தம்பியின் ஷெட்டில் பெருக்க ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். துடைப்பத்தோடு போய் நின்றேன்.

குமார் தம்பிக்கு என் மகன் வயது இருக்கும். வடபழனியில் சினிமா வேலைக்காரர்களின் வண்டிகளைப் பார்க்கும் ஷெட்டில் தொழில் கற்றுக்கொண்டு, இங்கே தனியாகக் கடை போட்டவர். அன்றைக்கு அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யக்கா, தொடப்பத்த அப்பால வை. இந்த ட்ரேயப் புட்ச்சிக்கோ" என்றார்.

எஞ்சினுக்கு அடியில் ட்ரெயின் போல்ட் என்று ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் ஆயில் கீழே இறங்கும். நான் ட்ரேயைப் பிடித்தேன். டீக்கடையில் பாலைத் தாராளமாக ஊற்றிய டீ மாதிரி கெட்டியாக இறங்கியது. எஞ்சின் ஆயில் என்றால் இந்த நிறம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கக் கூச்சம். அடுத்த வண்டியிலும் அதே நிறம். அதற்கடுத்த வண்டி மழையில் மாட்டாதது, சாதாரண சர்வீஸுக்கு வந்திருந்தது. அதில் கறுப்பாக இறங்கியதும் எனக்குப் பயமாகிவிட்டது.

"தம்பி, இது கெட்டுப்போயிக்கீது" என்றேன். அன்று முழுக்க நான் பேசியது அது ஒன்றுதான்.

தம்பி சிரித்த சிரிப்பில் கையில் இருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"யக்கா, கறுப்பா வந்தா அது உழைச்ச ஆயிலு. அழுக்கெல்லாம் தன் மேல வாங்கிக்கினு வருது. வெள்ளையா வந்தாத்தான் பேஜாரு. உள்ள தண்ணி பூந்துக்கீதுன்னு அர்த்தம்."

வெள்ளையாக வந்த வண்டிகளுக்குப் புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட விட்டு, அதையும் வடித்துவிட்டு, மறுபடியும் ஊற்றினோம். வெள்ளை போகிறவரைக்கும் இதே வேலை. போய்விட்டதா என்று பார்க்கத் தம்பி ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். சைலன்ஸர் நன்றாகச் சூடேறியதும் அதன் மேல் ஆயிலில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் புகைந்தால் தண்ணீர் இல்லை. அடுப்படியில் இருந்து வந்தவளுக்கு இது சட்டென்று பிடிபட்டது.

அன்று சாயங்காலம்தான் துடைப்பத்தைக் கையில் எடுத்தேன். அதற்குப் பிறகு எங்களை ஆற்றோரத்தில் இருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசாங்கம் கட்டின வீடுகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பஸ் மாறி வந்து இதே ஷெட்டில்தான் வேலை செய்தேன். பெருக்குகிற ஆளாக வந்து ஆயில் சர்வீஸ் செய்கிற ஆளாக ஆனேன். எஞ்சினைப் பிரிக்கிற வேலை, ட்யூனிங் எல்லாம் தம்பிதான். வடிப்பது, கழுவுவது, ஊற்றுவது என் வேலை.

2. மூடியில் நின்ற தண்ணீர்

மழையில் முங்கினால்தான் ஆயிலில் தண்ணீர் வரும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் இருந்து வந்த ஒரு மாமாவின் வண்டியில்தான் அது தப்பு என்று தெரிந்தது.

அவர் ரிடையர் ஆனவர். அது நல்ல கோடைக்காலம். வண்டியைத் துடைத்துத் துடைத்து, புதிது போல வைத்திருந்தார். நான் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தது.

"என்னப்பா இது அநியாயம்? மழையே இல்லே. நான் வண்டிய நனையவே விடறதில்லே. ஆத்து வாசல்ல கவர் போட்டு மூடி வெச்சிருக்கேன்" என்றார் மாமா.

"டெய்லி எங்க சார் போறீங்க?" என்று தம்பி கேட்டார்.

"கார்த்தால கோவிலுக்கு. வரச்சே பால் வாங்கிண்டு வந்துடுவேன். அவ்ளோதான்."

"அதான் சார் விஷயம். கொழம்பு கொதிக்கறதுக்குள்ள அடுப்ப அணைச்சிட்டா மூடியில தண்ணி கோத்துக்கினு நிக்கும்ல? நல்லாக் கொதிச்சாத்தான் அது ஆவியாப் போவும். எஞ்சின் உள்ளயும் காத்துல கீற ஈரம் அப்படித்தான் தண்ணியா நிக்கும். உங்க வண்டி சூடேறத்துக்குள்ள நீங்க ஆஃப் பண்ணிடறீங்க. அந்தத் தண்ணி வெளிய போவாம ஆயில்லயே எறங்குது."

"பகவானைப் பக்கத்துல வெச்சிண்டிருக்கறது தப்புங்கறே."

"கொஞ்சம் தூரத்து சாமியப் பாருங்க சார். திருவான்மியூர் போய்ட்டு வாங்க."

மாமா கோபித்துக்கொண்டு போனார். ஆனால் சொன்னதைச் செய்தார். அடுத்த சர்வீஸில் ட்ரேயில் கறுப்பாக இறங்கியதும், பேரன் பரீட்சையில் பாஸானது போல, "கறுப்பா வந்துடுத்து பாத்தியோ!" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் காட்டினார்.

இந்தக் கோளாறுக்கு மருந்து உண்டு, சுலபமான மருந்து. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும். இதை இங்கே எழுதக் காரணம் அதுதான். இனிமேல் எழுதப்போகிற வண்டிக்கும் அதே மருந்துதான் தேவைப்பட்டது.

3. தள்ளிக்கொண்டு வந்த வண்டி

ஒரு நாள் மத்தியானம் இரண்டு மீன்காரிகள் ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்தார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தவள் பெயர் தேசம்மா. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் கீழ் வீடு. கடற்கரை ரோட்டில் மீன் விற்கிறவள். புருஷன் இல்லை. பின்னால் இருந்து தள்ளினவள் அவளுடைய பக்கத்துக் கடைக்காரி.

"இன்னாம்மா, சாவி கீது, பெட்ரோல் கீது, செல்ஃபு கூட எடுக்குது. இன்னாத்துக்குத் தள்ளிக்கினு வரீங்க?" என்றார் தம்பி.

"எவனும் இதும் மேல குந்தக் கூடாதுன்ட்டான் எம் புள்ள. எனக்கு ஓட்டத் தெரியாது. தெரிஞ்சாலும் நான் குந்துனா வண்டி தாங்குமா நைனா?"

"வண்டி தாங்கும். ரோடுதான் தாங்காது" என்றாள் பின்னால் இருந்தவள். தேசம்மாவே சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் அதிகம்.

பிள்ளையின் பெயர் முரளி. கடலுக்குப் போகிறவன். வலையில் பாடு கிடைக்காத நாளில் விடிவதற்குள் இதே வண்டியில் காசிமேடு துறைமுகத்துக்குப் போய், அம்மாவுக்கு விற்க மீன் எடுத்து வருவான். ஒரு நாள் கரை ஏறும்போது அலையில் ஃபைபர் படகு புரண்டு அதன் ஓரம் அவன் முதுகில் இறங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கையில் பலம் ஏறினால் தானாக எழுந்து உட்காரலாம், சக்கர நாற்காலிக்கு மாறலாம், அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தப் "பார்க்கலாம்" என்ற வார்த்தையை அம்மாவும் பிள்ளையும் பிடித்துக்கொண்டார்கள். கட்டிலுக்கு மேலே கூரையில் இருந்த கொக்கியில் படகுக் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டாள் தேசம்மா. அதைப் பிடித்து உடம்பைத் தூக்கிப் பழக வேண்டும். அவன் அதைத் தொடவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"வண்டி நின்னுக்கினே இருந்தா செத்துடும்னு எல்லாரும் சொன்னாங்கோ" என்றாள் தேசம்மா. "சரி, ஸ்டார்ட் பண்ணி வெப்போம்னு எதிர் வூட்டுக்காரரக் கேட்டு எப்படின்னு கத்துக்கினேன். ஒரு நாளு காலீல ஸ்டார்ட் பண்ணேன். உள்ளேருந்து ஒரே கத்து. ‘ஆஃப் பண்ணாதம்மா, ஆஃப் பண்ணாத'ன்னு. போய்ப் பாக்கறேன், கயித்தப் புட்ச்சிக்கினு எழுந்து குந்திக்கினு கீறான். வேத்து ஊத்துது. வண்டி ஓடற வரைக்கும் கயித்த இஸ்துக்கினே இருந்தான். அன்னிலேருந்து டெய்லி காலீல அதான். அவன் எப்ப கயித்த வுடறானோ அப்ப ஆஃப் பண்ணிடுவேன்."

"இப்ப இன்னா கம்ப்ளெய்ன்ட்டு?"

"சத்தம் ஒரு மாதிரியா கீதுன்றான். நீயே பாரு."

நான் மூடியைத் திறந்தேன். மாமாவின் வண்டியில் பார்த்தது கரண்டியளவு என்றால் இதில் கிண்ணம். போல்ட்டைக் கழற்றினேன். முதல் நாள் பார்த்த அதே பால் டீ. அந்த வண்டி மழையில் நனைந்ததில்லை. கடற்காற்றில் தினமும் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓடி, சூடேறாமல் அணைந்திருந்தது. தேசம்மா வண்டி சாகக் கூடாது என்று செய்ததுதான் அதைத் தின்றுகொண்டிருந்தது.

தம்பி அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, மாமாவுக்குச் சொன்ன குழம்புக் கதையைச் சொன்னார்.

"ரெண்டு வழி கீதும்மா. ஸ்டார்ட்டே பண்ணாம வெச்சிடு. இல்லாட்டி யாரையாச்சும் வுட்டு நல்லா தூரமா ஓட்டச் சொல்லு."

"ஸ்டார்ட் பண்ணலன்னா அவன் கயித்தத் தொட மாட்டான். ஓட்டலாம்னா எவனும் குந்தக் கூடாதுன்றான். மூணாவது வழி சொல்லு."

"மூணாவது இல்லம்மா."

"நின்ன எடத்துலயே ரொம்ப நேரம் ஓட வுட்டா?"

"அப்பவும் சரியா சூடாவாது. மேல ஹெட்டுதான் காயும், காத்து அடிக்காம அது வேற கெட்டுப் போவும். ஆயிலு கொதிக்கணும்னா வண்டி லோடு எட்த்து ஓடணும். அதுவும் இல்லாம, வூட்டு வாசல்ல அவ்ளோ நேரம் பொக வுட்டா பக்கத்துல கீறவங்க சும்மா இருப்பாங்களா?"

தேசம்மா கொஞ்ச நேரம் ட்ரேயையே பார்த்தாள்.

"குமாரு, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இந்த வண்டி நின்னுச்சின்னா அவனும் நின்னுடுவான். அத்த மனசுல வெச்சிக்கினு வேல செய்யி."

4. ட்ரையல்

தம்பி யோசித்துக் கண்டுபிடித்த மூன்றாவது வழி ட்ரையல்.

எந்த மெக்கானிக்கும் சர்வீஸ் செய்த வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க மாட்டான். அதற்கு யாரும் சொந்தக்காரரிடம் கேட்பதில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர் சிரிஞ்சைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, அது தொழிலில் சேர்ந்தது. "அவன் எவனும் குந்தக் கூடாதுன்னான். மெக்கானிக்கு எவன்ல சேத்தியில்ல" என்றார் தம்பி.

மற்ற வண்டிகளுக்கு ட்ரையல் என்றால் சந்து முனை வரைக்கும் போய்த் திரும்புவது. முரளியின் வண்டிக்கு ட்ரையல் சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் எல்லாம் போய் வந்தது. திரும்பி வந்ததும் நான் அளவுக்கம்பியில் இருந்து ஒரு சொட்டு எடுத்துச் சைலன்ஸரில் வைப்பேன். முதல் மாதம் பொரிந்தது. அடுத்த மாதம் கொஞ்சம் பொரிந்தது. அதற்கடுத்த மாதம் சத்தமே இல்லை. மூடியில் இருந்த வெண்ணெயும் குறைந்துவிட்டது. தேசம்மா மாதம் ஒரு தடவை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டு மீன் விற்கப் போவாள், தம்பி ஓட்டி வருவார், சாயங்காலம் அவள் வந்து தள்ளிக்கொண்டு போவாள். வீட்டில் அவள் ட்ரையலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"கையி ஏறுது யக்கா. நேத்து தானா எழுந்து குந்தி சோறு துண்ணான்" என்று என்னிடம் சொல்லுவாள். எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலி வைத்துவிட்டுப் போவாள்.

அது நிலைக்கவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் டேங்கில் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க முரளிக்கு ஆசை வந்தது. போனைக் கொடுத்து, வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து வா என்று அம்மாவை அனுப்பினான். தேசம்மா டேங்க், சீட், சக்கரம், மீட்டர் எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவன் துருவைப் பார்க்கவில்லை. மீட்டரில் ஏறியிருந்த கிலோமீட்டரைப் பார்த்தான். அவன் கடைசியாக வண்டியை நிறுத்தியபோது இருந்த நம்பர் அவனுக்கு மனப்பாடம்.

அன்று தேசம்மா வண்டி இல்லாமல் வந்தாள்.

"இன்னா குமாரு, எம் புள்ள வண்டில டூரு போய்க்கினு இருந்தியா? சந்து முனைக்குன்னு நெனச்சேன். இவ்ளோ தூரமா?"

"அது நல்லதுக்குத்தாம்மா. ஆயிலு எப்டி கீதுன்னு பாத்தல்ல?"

"நான் பாத்தேன். அவன் பாக்கல. இனிமே அந்தக் கடைக்கு வண்டி போச்சின்னா சோத்துல கை வெக்க மாட்டேன்னு குந்திக்கினு கீறான். நேத்துலேருந்து கயித்தத் தொடல."

அவள் போன பிறகு தம்பி என்னைப் பார்த்தார்.

"நான் போனா அட்ச்சிடுவான் யக்கா. நீ போய்ச் சொல்லிட்டு வா."

"எனக்குப் பேச வராதே தம்பி."

"அதான் உன்ன அனுப்பறேன். பேச வந்தா சண்ட வரும்."

5. கயிறு

முரளியின் வண்டியில் முதலில் வடித்த ஆயில் ஷெட் மூலையில் ஒரு டப்பாவில் கிடந்தது, அதை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வாயால் சொல்ல முடியாததை அது சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

சின்ன வீடு. வாசலில் ஜன்னலை ஒட்டி வண்டி நிற்கிறது. ஜன்னலுக்கு உள்ளே கட்டில். படுத்தபடி பார்த்தால் வண்டியின் ஹேண்டில்பார் மட்டும் தெரியும். முரளிக்கு முகமெல்லாம் தாடி. நெஞ்சும் தோளும் கடல்காரனுடையவை, கால்கள் இரண்டும் போர்வைக்குள் குச்சியாக இருந்தன.

பாட்டிலை எடுத்ததும் அவன் சிரித்தான்.

"இன்னா ஆயா, எனக்கு டீ வாங்கினு வந்தியா?"

"ஆயிலு பா. உன் வண்டிலேருந்து மொத நாளு எட்த்தது."

"தெரியும். படகு எஞ்சின்ல நான் பாக்காததா? தண்ணி பூந்த ஆயிலு."

அவனுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் நான் அவ்வளவு தூரம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

"அப்ப ஓட்டுனாத்தான சரியாவும்னும் உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டேன். குரல் வெளியே வந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

"தெரியும்."

தேசம்மா அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவன் அம்மாவைக் கூப்பிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னான். அவள் போய் செல்ஃபை அழுத்தினாள். வண்டி ஓடத் தொடங்கியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

"ஆயா, கண்ண மூடு" என்றான்.

மூடினேன்.

"வண்டி வாசல்ல நின்னுக்கினு ஓடுது. யாரு ஸ்டார்ட் பண்ணிக்கீறது? நான் பண்ணிட்டு செருப்பு மாட்டிக்கினு கீறேன்னு வெச்சிக்கோ. கூடையக் கட்டிக்கினு கீறேன்னு வெச்சிக்கோ. நின்னுக்கினு ஓடற சத்தத்துல யாருன்னு தெரியாது. கியரு போட்டுக் கெளம்புச்சின்னு வை, சத்தம் தெரு முனைக்குப் போவும். அப்ப போறது நான் இல்ல. நான் இங்க கடக்கறேன். அது எனக்குத் தெரிஞ்சிடுது ஆயா."

"கடையில ஓட்டுனது உனக்குக் கேக்கலியேப்பா."

"கேக்கல. மீட்டரு சொல்லிச்சில்ல. நான் இங்க கயித்த இஸ்துக்கினு இருந்தப்ப எம் வண்டி நான் இல்லாமயே பெசன்ட் நகர் போய்க்கீது."

நான் கண்ணைத் திறந்தபோது அவன் கயிற்றைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தான். பல்லைக் கடித்திருந்தான். நரம்பெல்லாம் புடைத்திருந்தது. கயிற்றை விட்டதும் தேசம்மா வண்டியை அணைத்தாள். நான் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"உன் மேல கோவம் இல்ல ஆயா. குமாரண்ணன வூட்டாண்ட வந்து ஆயிலு மாத்தச் சொல்லு. ஆனா ஓட்டக் கூடாது."

கடைக்குத் திரும்பி வந்து தம்பியிடம் அதை மட்டும்தான் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்கு வரவில்லை. தம்பியும் கேட்கவில்லை. "மாத்திக்கினே இருப்போம். வேற இன்னா பண்றது" என்றார்.

6. சத்தம்

அதற்குப் பிறகு தம்பியும் நானும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பட்டினப்பாக்கம் போனோம். காலையில் முரளி கயிறு இழுத்து முடித்ததும், ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போதே வடிப்போம். வெள்ளையாகத்தான் வரும். புதிது ஊற்றுவோம். அடுத்த தடவை அதுவும் வெள்ளை.

மழைக்காலம் வந்தது. அப்போது கடற்கரைப் பக்கம் காற்றே தண்ணீர். முரளிக்கு முதுகில் படுக்கைப் புண் வந்தது, அதோடு காய்ச்சல். கயிறு இழுக்கிற நேரம் குறைந்தது. அவன் சீக்கிரம் விட்டுவிட்டால் தேசம்மாவும் சீக்கிரம் அணைத்துவிடுவாள். வண்டி முன்னைவிடக் குறைவாகச் சூடாகியது. அவன் எவ்வளவு தளர்ந்தானோ அவ்வளவு தண்ணீர் ஆயிலில் இறங்கியது. இதை எனக்குத் தெரிந்த அளவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும்?

ஆயிலை வடிகட்டுகிற சல்லடை ஒன்று எஞ்சினுக்குள் இருக்கும். ஒரு தடவை தம்பி அதைக் கழற்றினார். களிம்பு அடைத்துக்கொண்டு கண்ணே தெரியவில்லை. மேலே ஆயில் ஏறாமல் போயிருக்கும். நான் பெட்ரோலில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன். களிம்பு வந்தது. அதற்கு அடியில் இருந்த துரு வரவில்லை.

"யம்மா, ஹெட்டுல டிக்கு டிக்குன்னு கேக்குது" என்று முரளிதான் முதலில் சொன்னான். எங்களுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கேட்டது. தம்பி வால்வைச் சரி செய்தார். கொஞ்ச நாள் நின்றது. மறுபடியும் வந்தது.

கடைசி நாள் எங்களுக்கு ஆயில் மாற்றுகிற நாள். நாங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். முரளி இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தான். தேசம்மா ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் பிடித்தது. மேலே டிக் டிக் என்று வழக்கமான சத்தம். பிறகு அடியில் இருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்புப் பெட்டிக்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி கட கட கட. தம்பி சட்டென்று டேங்க் மேல் கை வைத்தார். அணைக்கச் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் உள்ளே இருந்து குரல் வந்துவிட்டது.

"யம்மா, ஆஃப் பண்ணு."

"நீ இன்னும் இஸ்க்கவே இல்லியேடா" என்றாள் தேசம்மா. சாவியில் கை வைத்துக்கொண்டு அணைக்காமல் நின்றாள்.

"ஆஃப் பண்ணும்மா. க்ராங்க் பேரிங்கு போச்சி. கேக்கல உனக்கு?"

"கொஞ்சம் இஸ்துட்டு வுடுடா. ஒரே ஒரு தபா. நீ இஸ்துடு, நான் ஆஃப் பண்ணிடறேன்."

"யம்மா."

அவள் அணைத்தாள். தெருவில் யாரோ குழாயில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

தம்பி ஜன்னல் பக்கம் போய்ப் பேசினார். எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு மெதுவாகப் பேசினது அன்றைக்குத்தான்.

"முரளி, எஞ்சின எறக்கிடலாம்டா. க்ராங்க்கு, பேரிங்கு எல்லாம் மாத்திடலாம். நான் பாத்துக்கறேன். பழையபடி ஓடும்."

"மாத்தி?"

"ஓடும்டா."

"எங்க ஓடும்ணா? இங்கயே நின்னுக்கினுதான் ஓடும். மறுபடியும் வெள்ளையாவும். மறுபடியும் போவும்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. தொழில் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முரளி கயிற்றை விட்டான். அது கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாங்கள் கொண்டுபோன ஆயிலை ஊற்றாமல் திரும்பிவிட்டோம். போகிற வழியில் தம்பி, "யக்கா, மொத நாளே ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருந்தா எஞ்சினு நல்லா இருந்துக்கும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அவன் இருந்துக்க மாட்டான்" என்றார்.

7. வேலைக்கு வருகிறவர்களுக்கு

எனக்கு இப்போது கண் சரியில்லை, கடைக்குப் போவதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் வேலையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆயில் வெள்ளையாக இறங்கினால் உடனே புதியதை ஊற்றி அனுப்பிவிடாதீர்கள். வண்டி தண்ணீரில் மாட்டியதா என்று கேளுங்கள். இல்லை என்றால், தினமும் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேளுங்கள். சூடேறாத எஞ்சினில் எத்தனை தடவை ஆயில் மாற்றினாலும் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும். வெளியூர் போகிறவர்கள், வயசானவர்கள், வண்டி கெடக் கூடாது என்று தினமும் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன் என்பார்கள். செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓட்டினால் நன்றாக ஓட்டட்டும், இல்லையென்றால் தொடாமல் விடட்டும். மூடியைத் திறந்து அடியில் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள்.

புரிந்துகொண்டும் நிறுத்த முடியாத ஒரு வீடு உங்களுக்கும் வரும். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஆயில் மாற்றினோம். அது போதவில்லை.

போன வாரம் மீன் வாங்கப் பட்டினப்பாக்கம் போனேன். தேசம்மா கடையில் இல்லை. வீட்டுக்குப் போனேன். வண்டி அதே இடத்தில் நின்றது. டயரில் காற்று இல்லை, சீட்டின் மேல் பக்கத்து வீட்டுக்காரர்கள் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். முரளி தூங்கிக்கொண்டிருந்தான், அல்லது தூங்குகிறவன் போலக் கண்ணை மூடியிருந்தான். தோள் இரண்டும் இறங்கி எலும்பு தெரிந்தது. நான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவனுக்குக் கேட்கும்படி சொன்னேனா என்று தெரியவில்லை.

கொக்கியில் இருந்து தொங்கிய கயிற்றின் நுனியை இழுத்து எதிர்ச் சுவர் ஆணியில் கட்டியிருந்தார்கள். அதில் அவன் லுங்கியும் இரண்டு துண்டும் காய்ந்துகொண்டிருந்தன. நான் அதைப் பார்ப்பதைத் தேசம்மா பார்த்தாள்.

"மழ நாளு யக்கா" என்றாள். "காய வெக்க வேற எடம் இல்ல."